பெட்ரோலைக் குடிக்கும் காற்று

அமெரிக்காவில் சக்கரம் வைத்த வீடுகள் உண்டு. உள்ளே கட்டில் இருக்கும். அடுப்பு இருக்கும். குளிக்கும் அறையும் இருக்கும். ஆனால் இஞ்சின் கிடையாது. "பிக்கப்" என்னும் சிறிய லாரியின் பின்னால் கொக்கி போட்டு மாட்டி, இழுத்துக் கொண்டு போக வேண்டும். இதற்கு "டிரெய்லர்" என்று பெயர்.

கோடை விடுமுறை வந்ததும் அப்பா, அம்மா, பிள்ளைகள், நாய் எல்லோரும் பிக்கப்பில் ஏறிப் புறப்பட்டு விடுவார்கள். வேலையில் ஓய்வு பெற்ற சிலர் சொந்த வீட்டை விற்றுவிட்டு, ஆண்டு முழுவதும் டிரெய்லரிலேயே வாழ்கிறார்கள்.

ஓட்டல் வாடகை மிச்சம்தான். மிச்சமான பணத்தைப் பெட்ரோல் பங்கு வாங்கிக் கொள்கிறது! தனியாக ஓடும்போது ஒரு காலனுக்கு 20 மைல் போகிற பிக்கப், பெரிய டிரெய்லரை இழுத்தால் 10 மைல் போவதே பெரிய காரியம். பென்ஷன் பணத்தில் காலம் தள்ளுகிறவர்களுக்கு இது சின்ன விஷயமா?

"பாரம் அதிகம். அதனால் பெட்ரோல் அதிகம்" என்று பலர் நினைக்கிறார்கள். இது பாதி உண்மைதான்.

1947-ம் ஆண்டில் ஒரு வேடிக்கை நடந்தது. ஆல்பிரட் லெட்டூர்னர் என்ற பிரெஞ்சு சைக்கிள் பந்தய வீரர், ஏர்ஸ்ட்ரீம் கம்பெனியின் டிரெய்லர் ஒன்றைத் தன் சைக்கிளில் கட்டி இழுத்தார். டிரெய்லர் நகர்ந்தது! அந்தப் படம் அந்தக் கம்பெனிக்குப் பெரிய விளம்பரமாயிற்று.

ஒரு மனிதனின் கால் பலத்தில் இது எப்படி முடிந்தது? சமமான தரை, மெதுவான வேகம். உருளத் தொடங்கிவிட்ட சக்கரத்துக்குச் சமதரையில் பாரம் அவ்வளவு தொல்லை கொடுப்பதில்லை. மேட்டில் ஏறும்போதும், நின்று நின்று புறப்படும்போதும்தான் பாரம் பெட்ரோலைத் தின்கிறது.

நீண்ட நெடுஞ்சாலையில் பெட்ரோலைத் திருடுகிறவன் வேறு ஆள். அவன் பெயர் காற்று.

எதிர்காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இது தெரியும். மெதுவாகப் போனால் காற்று வழி விடுகிறது. வேகமாகப் போனால் நெஞ்சில் கை வைத்துத் தள்ளுகிறது. டிரெய்லரோ 10 அடி, 11 அடி உயரம். 8 அடி அகலம். ஒரு சுவரை நிறுத்தி வைத்து இழுப்பது போலத்தான்!

வேகம் இரண்டு மடங்கு ஆனால், காற்றின் தடை நான்கு மடங்கு ஆகிவிடும். மணிக்கு 60 மைலில் போகிறவர் 75 மைலுக்குப் போனால், தடை ஒன்றரை மடங்குக்கு மேல் கூடிவிடும். இஞ்சின் அந்தத் தடையைப் பெட்ரோலால்தான் தள்ள வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். லாஸ் ஏஞ்சல்சிலிருந்து சிகாகோவுக்குச் சுமார் 2,000 மைல். வேகமாக ஓட்டுகிறவருக்குக் காலனுக்கு 8 மைல் கிடைக்கிறது என்று வைத்துக் கொள்வோம். 250 காலன் வேண்டும். நிதானமாக ஓட்டிக் காலனுக்கு 10 மைல் எடுத்தால், 200 காலன் போதும். 50 காலன் மிச்சம்! நம் கணக்கில் ஏறத்தாழ 190 லிட்டர்.

இதற்கு என்ன விலை கொடுக்க வேண்டும்? 300 மைல் போக 75 மைல் வேகத்தில் நான்கு மணி நேரம். 60 மைல் வேகத்தில் ஐந்து மணி நேரம். ஒரே ஒரு மணி நேரம்தான்! விடுமுறைக்குப் போகிறவருக்கு இந்த அவசரம் எதற்கு?

வேகத்தைக் குறைப்பது அமெரிக்காவுக்குப் புதிய பாடமும் அல்ல. 1973-ல் அரபு நாடுகள் எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. பங்குகளில் கார்கள் வரிசை வரிசையாக நின்றன. 1974 ஜனவரியில் ஜனாதிபதி நிக்சன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். நாடு முழுவதும் மணிக்கு 55 மைல்தான் உச்ச வேகம் என்று ஆயிற்று. ஜனங்கள் முணுமுணுத்தார்கள். 1995-ல் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். ஆனால் டிரெய்லர் இழுக்கும் வண்டிக்குக் கலிபோர்னியாவில் இன்றும் 55 மைல்தான் சட்டம். நல்ல சட்டம்! பல டிரெய்லர் டயர்கள் 65 மைல் வேகத்துக்கு என்றே செய்யப்பட்டவை. அதைத் தாண்டி ஓட்டினால் பெட்ரோல் மட்டுமா போகும்? டயர் வெடித்தால் குடும்பமே போய்விடுமே!

சிலர் வேகத்தைக் குறைக்க மாட்டார்கள். ஆனால் மிச்சம் மட்டும் வேண்டும். அதற்காக ஏதேதோ கருவிகள் வாங்கி இஞ்சினில் மாட்டுகிறார்கள். அமெரிக்க சர்க்காரின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு இலாகா இப்படி நூற்றுக்கு மேற்பட்ட கருவிகளைச் சோதித்திருக்கிறது. பெரும்பாலானவற்றால் ஒரு பயனும் இல்லை.

இன்னும் சிலர் பெரிய லாரியின் பின்னாலேயே ஒட்டிக் கொண்டு போகிறார்கள். லாரி காற்றைக் கிழித்துக் கொடுக்குமாம்! கொடுக்கும்தான். லாரிக்காரர் திடீரென்று பிரேக் போட்டால்? டிரெய்லரோடு போகும் வண்டி சட்டென்று நிற்காது. இந்த மிச்சம் யாருக்கும் வேண்டாம்.

மலைப்பாதையில் இன்னொரு தப்பான யோசனை உண்டு. இறக்கத்தில் கியரை எடுத்துவிட்டு, நியூட்ரலில் உருள விடுவது! இப்போதைய இஞ்சின்கள், கியரில் இருந்தபடி இறக்கத்தில் போகும்போது பெட்ரோலைத் தாமே நிறுத்திக் கொள்கின்றன. நியூட்ரலில் விட்டால்தான் இஞ்சின் சும்மா சுற்றுவதற்குப் பெட்ரோல் செலவாகும். வண்டியைப் பிடித்து நிறுத்த இஞ்சினும் உதவாது. பிரேக் சூடேறிப் பிடிப்பு விட்டுவிடும். குறைந்த கியரில் இறங்குவதே சரி. ஏற்றத்திலோ, வேகம் குறைந்தால் குறையட்டும் என்று விட்டுவிட வேண்டும். ஆக்சிலேட்டரை மிதித்து மலையோடு மல்லுக்கு நிற்கக் கூடாது.

புறப்படும் முன் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். டயர் காற்றை, டயர் குளிர்ந்திருக்கும் காலையிலேயே அளக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியை ஊரிலேயே நிரப்பத் தேவையில்லை. 40 காலன் தண்ணீர் 150 கிலோ இருக்கும்! போய்ச் சேரும் இடத்திலும் குழாய் உண்டு. ஆனால் பாரத்தைக் குறைக்கிறேன் என்று முன்பக்கத்தைக் காலியாக விடக் கூடாது. டிரெய்லரின் மொத்தப் பாரத்தில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு கொக்கியின் மேல் இருக்க வேண்டும். பின்பாரம் அதிகமானால் டிரெய்லர் பாம்பு போல வாலை ஆட்டும்.

வழியில் நிற்கும் போதெல்லாம் டிரெய்லர் சக்கரத்தின் நடுப்பகுதிக்கு அருகே கையைக் கொண்டு போய்ப் பார்க்கலாம். ஒரு சக்கரம் மட்டும் அதிகமாகச் சுட்டால், அங்கே பிரேக் உரசுகிறது, அல்லது கிரீஸ் தீர்ந்துவிட்டது என்று பொருள். இரண்டுமே பெட்ரோலுக்குக் கேடு.

விடியற்காலையில் புறப்படுவதும் ஒரு சிக்கனம். அப்போது பெரும்பாலும் காற்று அடங்கி இருக்கும். வையோமிங் மாநிலத்தின் 80-ம் எண் நெடுஞ்சாலையில் சில நாட்களில் அடிக்கும் காற்றுக்கு, உயரமான வண்டிகளைப் போகவே விடமாட்டார்கள். அங்கே ஒரு நாள் தங்கிப் போவது நஷ்டம் அல்ல.

எதிர்காற்று நாளில் தொட்டியின் கணக்கும் தப்பிவிடும். யூட்டா மாநிலத்தில் 70-ம் எண் நெடுஞ்சாலை, கிரீன் ரிவர் என்ற ஊரிலிருந்து சலைனா என்ற ஊர் வரை 100 மைலுக்கு மேல் போகிறது. நடுவில் ஒரு பெட்ரோல் பங்கும் இல்லை. ஏற்றங்கள் உண்டு. டிரெய்லர் இழுக்கிறவர்கள் முள் பாதியில் நிற்கிறதே என்று நம்பிப் போகக் கூடாது. கிரீன் ரிவரிலேயே தொட்டியை நிரப்பிக் கொள்ள வேண்டும்.