பேப்பரை எரிக்கிற டார்ச் செய்யப் போறீங்களா? வடசென்னைக்காரங்க ஒரு நிமிஷம் நில்லுங்க!

கறுப்பு பேப்பர் மேல டார்ச் வெளிச்சம் விழுது. சில விநாடியில புகை, அடுத்து நெருப்பு. கீழே ‘குறைஞ்ச செலவுல நீங்களே வீட்டுல செய்யலாம்’னு ஒரு வரி. இப்படி ஒரு வீடியோ உங்க போனுக்கும் வந்திருக்கும். பழைய லேப்டாப் பேட்டரியில இருந்து உருவுன செல், ஒரு ஹாலஜன் பல்பு, ஒரு அலுமினியக் குழாய்... மிச்சத்தை ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கிடலாம்னு மனசு கணக்குப் போட ஆரம்பிச்சிருக்கும்.

ஆர்வம் தப்பில்லை. ஆனா, நீங்க ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் இருக்கிறவங்கன்னா ஒரு விஷயத்தை யோசிக்கணும். உங்க ஏரியாவுல வேலைக்குப் போற பலருக்கு, நல்ல டார்ச்ங்கிறது எதையும் எரிக்க முடியாத டார்ச்!

எரிக்கிறது வெளிச்சமா, சூடா?

முதல்ல அந்த வீடியோவோட ரகசியம். ஹாலஜன் பல்புக்குக் கொடுக்கிற மின்சாரத்துல பத்துல ஒரு பங்குகூட கண்ணுக்குத் தெரியுற வெளிச்சமா மாறுறதில்லை. மீதி பெரும்பாலும் அகச்சிவப்புக் கதிரா, அதாவது வெப்பமா வெளியே போகுது. அந்த வெப்பத்தை ஒரு கிண்ணம் மாதிரியான பிரதிபலிப்பான் குவிச்சு அனுப்புது. சின்ன வயசுல லென்ஸை வெயில்ல காட்டி காய்ஞ்ச இலையைப் பொசுக்கின அதே வித்தைதான்.

வீடியோவுல ஏன் எப்பவும் கறுப்பு பேப்பர், கறுப்பு பலூன்? கறுப்பு வெப்பத்தை உறிஞ்சும், வெள்ளை திருப்பி அனுப்பிடும். வெள்ளை பேப்பரை வெச்சா ‘சூப்பர் பவர்’ கொஞ்சம் திணறும். ஆக, எரிக்கிற டார்ச்னா, வெளிச்சமாக வேண்டிய மின்சாரத்தைச் சூடா வீணடிக்கிற டார்ச்னுதான் அர்த்தம்.

இதே ஆசையில சிலர் லேசருக்குத் தாவுறாங்க. அது இன்னும் மோசம். சாதாரண பாயின்ட்டர்ல பாதுகாப்பான அளவுன்னு சொல்றது 1 மில்லிவாட். 500 மில்லிவாட்டைத் தாண்டினா அது நாலாம் வகை, லேசர்லயே ஆபத்தான வகை. பொருளை எரிக்கிற லேசர் பலதும் இந்தக் கணக்குலதான் வரும். கண் கூசி இமை மூட கால் விநாடி ஆகும். அதுக்குள்ள விழித்திரை பொசுங்கிடும். விழித்திரைக்கு வலி தெரியாதுங்கிறதால, உங்களுக்கு உடனே தெரியவும் தெரியாது. 2025 மே, ஜூன் மாதங்கள்ல சென்னையில தரையிறங்க வந்த விமானங்கள் மேல லேசர் அடிச்சதா விமானிகள் புகார் சொன்னது ஞாபகம் இருக்கும். அடிச்சவருக்கு அது விளையாட்டா இருந்திருக்கலாம். ஓடுபாதையைப் பார்த்து இறங்குறவருக்கு அது கண்ணைக் கட்டுற மாதிரி.

எரிக்காத டார்ச்சுக்குத்தான் இங்கே மரியாதை

இப்போ உங்க ஏரியாவுக்கு வருவோம். மணலியில 1969-ல இருந்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஓடுது. தண்டையார்பேட்டையில பெட்ரோல், டீசல் சேமிப்பு முனையங்கள் இருக்கு. துறைமுகத்துல இருந்து தெருக்களுக்கு அடியில எண்ணெய்க் குழாய்கள் போகுது. 2013-ல அப்படி ஒரு குழாய் கசிஞ்சு, தண்டையார்பேட்டையில வீட்டு போர்வெல் தண்ணியோட எண்ணெய் கலந்து வந்தது ஊருக்கே தெரிஞ்ச கதை.

இந்த மாதிரி இடங்கள்ல வேலை செய்யிற அண்ணன், சித்தப்பா யாராவது உங்க வீட்டுல இருந்தா கேட்டுப் பாருங்க. எரிவாயு சேரக்கூடிய பகுதிக்குள்ள சாதாரண டார்ச்சோ, போனோ கொண்டு போக முடியாது. ‘எஃப்.எல்.பி. டார்ச்’னு சொல்ற தீப்பிடிக்காப் பாதுகாப்பு டார்ச்தான். சுவிட்ச் போடும்போது வர்ற பொறி வெளியே இருக்கிற வாயுவைப் பத்தவைக்கக் கூடாது, உடம்பு அளவுக்கு மேல சூடாகக் கூடாது, உள்ளே போன பிறகு பேட்டரியைத் திறக்கக் கூடாது. ‘டி4’னு முத்திரை இருந்தா, மேற்பரப்புச் சூடு 135 டிகிரி செல்சியஸைத் தாண்டாதுன்னு அர்த்தம். ஆனா, ஹாலஜன் பல்போட கண்ணாடி சரியா வேலை செய்யவே 250 டிகிரிக்கு மேல சூடாகணும். பெட்ரோல் ஆவி பொறியே இல்லாம தானா பத்திக்கிறதும் ஏறக்குறைய அந்தச் சூட்டுலதான். வீடியோவுல கைதட்டு வாங்குற அதே குணம், இங்கே கேட்லயே தடுத்து நிறுத்தப்படும்.

இது புது யோசனையும் இல்லை. இங்கிலாந்துல 1812-ல ஃபெல்லிங் நிலக்கரிச் சுரங்கம் வெடிச்சு 92 பேர் இறந்தாங்க. அதுக்கு மூணு வருஷம் கழிச்சு, 1815-ல விஞ்ஞானி ஹம்ஃப்ரி டேவி, சுடரைச் சுத்திக் கம்பிவலை போட்ட விளக்கைச் செஞ்சார். வெளிச்சம் வெளியே வரும், சுடர் வெளியே பரவாது. வெளிச்சத்தை நெருப்புல இருந்து பிரிச்சு எடுக்கத்தான் மனுஷங்க இருநூறு வருஷமா உழைச்சிருக்காங்க. நாம ஒரு ரீல்ஸுக்காக அதைத் திரும்ப ஒட்டவைக்கப் பார்க்கிறோம்.

மிக்ஜாம் ராத்திரிக் கணக்கு

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். வடசென்னையில பல இடங்கள்ல நாள் கணக்கா கரன்ட் இல்லை. மணலிப் பக்கமிருந்து வெள்ளத்தோட அடிச்சுட்டு வந்த எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்துல பரவுச்சு. சுத்துவட்டார வீடுகளுக்குள்ள புகுந்த தண்ணியிலயும் எண்ணெய் மிதந்துச்சு. அந்த இருட்டுல, அந்த வாடையில, உங்க கையில எந்த டார்ச் இருக்கணும்?

சின்னதா ஒரு கணக்கு. லேப்டாப் பேட்டரியில இருக்கிற மாதிரி லித்தியம் செல் மூணு எடுத்துக்குவோம். ஒண்ணு 3.7 வோல்ட், 2.5 ஆம்பியர்-மணின்னா, மூணும் சேர்ந்து சுமார் 28 வாட்-மணி. 100 வாட் பல்பை அதுல போட்டா 17 நிமிஷத்துல எல்லாம் காலி. அதுவும் அவ்வளவு மின்சாரத்தை உறிஞ்சினா செல்லே சூடாகும். அடிபட்ட பழைய செல்லா இருந்தா கையிலயே பத்திக்கலாம். அதே மூணு செல்லுல 1 வாட் எல்.இ.டி. போட்டா ஒரு முழு நாள் எரியும். அந்த வெளிச்சத்துல சமைக்கலாம், மாத்திரையைத் தேடி எடுக்கலாம், குழந்தையைக் கைப்பிடிச்சு மாடிக்குக் கூட்டிட்டுப் போகலாம்.

கை இன்னும் பரபரக்குதா? தாராளமா செய்யுங்க. புது செல், அதுக்குப் பாதுகாப்பு சர்க்யூட், எல்.இ.டி. சூட்டைக் கடத்த ஒரு அலுமினியத் தகடு... இது போதும். ஹாலஜன், லேசர் பக்கமே போக வேண்டாம். செஞ்சு முடிச்சதும் ஒரு மணி நேரம் எரியவிட்டுத் தொட்டுப் பாருங்க. கை சுடலைன்னா நீங்க பாஸ்.

வீடியோ எடுக்கணுமா? ராத்திரி ஏத்தி வெச்ச விளக்கு மறுநாள் ராத்திரியும் எரியுதுன்னு காட்டுங்க. அடுத்த புயலுக்கு முன்னாடி, உங்க தெருவுல நாலு பேராவது எப்படிச் செஞ்சீங்கன்னு கேட்டு வருவாங்க.