பொம்மைப் போரில் இல்லாத எதிரி

1/ மேசை மேல 28 மில்லிமீட்டர் உயரத்துல சிப்பாய் பொம்மைகள். டேப் வச்சு அளந்து நகர்த்தி, பகடை உருட்டி, பழைய போரைத் திரும்ப நடத்தும் விளையாட்டு இது. 1857 டெல்லி முற்றுகையை வச்சு ஆடுறவங்களும் உண்டு. ஆடட்டும், தப்பில்ல. ஒரு டாக்டரா என் புகார் ஒண்ணே ஒண்ணுதான்: இந்தப் போர்ல யாருக்கும் பேதியே ஆகறதில்ல!

2/ சிரிக்காதீங்க. டெல்லியை மீட்கக் கிளம்பிய பிரிட்டிஷ் தலைமைத் தளபதி ஜார்ஜ் ஆன்சன், டெல்லி போய்ச் சேரவே இல்ல. 1857 மே 27, கர்னாலில் காலராவில் இறந்தார்.

3/ அடுத்து வந்தவர் ஹென்றி பர்னார்ட். ஜூலை 5, டெல்லிக்கு வெளியே முகாமில் அவரும் காலராவுக்குப் பலி. ஆறு வாரத்துக்குள்ள ரெண்டு தளபதிகள்! மூணாவது ஆள் ரீட், உடம்பு முடியாம சில நாள்லயே விலகிட்டார். லக்னோவில் ஹேவ்லாக்கைக் கொன்னதும் குண்டு இல்ல, சீதபேதி.

4/ இது ஏதோ அந்த ஒரு வருஷக் கதை இல்ல. 1863 ராயல் கமிஷன் கணக்குப்படி, இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் வீரர்களில் ஆயிரத்துக்கு 69 பேர் ஆண்டுதோறும் இறந்தாங்க. பெரும்பாலும் காய்ச்சல், சீதபேதி, கல்லீரல் நோய், காலரா.

5/ காலரா கடுமையா வந்தா உடம்புத் தண்ணி வேகமா வெளியேறி, சிகிச்சை இல்லேன்னா சில மணி நேரத்துலயே உயிர் போயிடலாம். இன்னைக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலும் டிரிப்ஸும் காப்பாத்துது. அன்னைக்கு, கெட்ட காத்துதான் காரணம்னு பெரும்பாலான டாக்டர்களே நம்பினாங்க.

6/ "ஒரே மதியத்துல முடியுற சண்டைக்கு நோய் எதுக்கு டாக்டர்?"னு கேட்பீங்க. அந்த மதியம் எத்தனை பேரால எழுந்து நிக்க முடிஞ்சதுங்கறதை, முந்தின வாரம் குடிச்ச தண்ணிதான் முடிவு பண்ணுச்சு.

7/ அதை மறைச்சுட்டா, எல்லாமே தளபதியோட மூளை, சிப்பாயோட வீரம்னு ஆகிடும். காலனி ஆட்சி தன்னைப் பத்திச் சொல்லிக்கிட்ட கதையும் அதுதானே? தோல்பையில தண்ணி சுமந்தவங்க, காயம்பட்டவங்களை டோலியில தூக்கினவங்க, சமைச்சவங்க எல்லாம் இந்தியர்கள். மேசையில அவங்க வெறும் அலங்காரம்.

8/ அதனால ஒரு விதி சேர்த்துப் பாருங்க. சண்டைக்கு முன்னாடி ரெண்டு பேரும் முகாம் போடணும்: கிணறு எங்கே, கழிப்பிடம் எங்கே, தண்ணி சுமக்க எத்தனை பேர்? அதுக்கப்புறம் பகடை. கழிப்பிடத்தைக் கிணத்துப் பக்கத்துல வச்சவர், முதல் குண்டு வெடிக்கறதுக்கு முன்னாடியே பாதிப் படையை எடுத்து ஓரமா வைக்கட்டும்.

9/ விளையாடுற பிள்ளைகளுக்கு வரலாறும் புரியும், சுகாதாரமும் புரியும். கை கழுவிட்டு பகடை எடுங்க!