கப்பல்னா எந்தக் கப்பல்?

சம்பா அறுவடை முடிந்து நெல்லுப் பணம் கையில் இருக்கிறது. "ஒரு தடவை கப்பல்ல போயிட்டு வரணும் தம்பி" என்று பெரியவர் ஒருவர் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்தால், விவரமான தஞ்சாவூர் டிராவல் ஏஜென்ட் உடனே ரேட் சொல்ல மாட்டார். "எந்த மாதிரிக் கப்பல்ங்கய்யா?" என்றுதான் கேட்பார்.

டெல்டாவில் அது பெரிய கேள்வி. பெரியவருக்குக் கப்பல் என்றால் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு, சிங்கப்பூருக்கு ஆள் ஏற்றிப்போன 'ரஜூலா'. 1973-லேயே அதன் ஓட்டம் முடிந்துவிட்டது. பேரப்பிள்ளைகளுக்கோ நீச்சல்குளமும் நடன மேடையும் உள்ள சொகுசுக் கப்பல். 2022 ஜூனில் சென்னையிலிருந்து கிளம்பிய 'எம்ப்ரஸ்' அந்த ரகம். அதன் இரண்டு இரவுப் பயணம் எந்த ஊரிலும் நிற்காது. கடலில் சுற்றிவிட்டுச் சென்னைக்கே திரும்பும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், "ஒரு ஊரையும் காட்டலையே!" என்று அப்பாயி கேட்பது நியாயம்தானே?

ஊர் பார்க்கத்தான் ஆசை என்றால் நாகையிலிருந்து காங்கேசன்துறைக்குப் போகலாம். 2023 அக்டோபரில் தொடங்கிய பயணிகள் கப்பல். சுமார் நான்கு மணி நேரம். யாழ்ப்பாணம், நல்லூர் எல்லாம் அருகில். பாஸ்போர்ட் கட்டாயம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறுத்திவிடுவதும் உண்டு.

சிங்கப்பூரில் ஏறி பினாங்கு போய்த் திரும்புகிறவர்கள், சிங்கப்பூருக்குள் இரண்டாம் முறை நுழைய விசா இடம்தருகிறதா என்று பார்க்க வேண்டும். தலைசுற்றல்காரர்களுக்குக் கப்பலின் நடுவில், கீழ்த்தளத்து அறை நல்லது, ஆட்டம் குறையும்.

தேதியைக் குறிக்குமுன் நடவையும் விசாரிக்க வேண்டும். மேட்டூர் வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-ஐ ஒட்டி டிக்கெட் போட்டுவிட்டால், நாற்றங்காலை யார் பார்ப்பது? கடைசி நேரத்தில் கேன்சல் செய்தால், கட்டிய பணத்தில் பெரும்பகுதி திரும்பி வராது.