சோடா போதாது மச்சி!

போன மாசம் கிரவுண்டில் ஓடிட்டிருந்த என் ரூம்மேட் பொத்துனு விழுந்தான். 'காலையில சாப்பிட்டிருக்க மாட்டான்'னு சோடா உடைச்சுக் கொடுத்தோம். இ.சி.ஜி. நார்மல். மறந்துட்டோம். சி.பி.வி.டி. பற்றிப் படிச்சதும் எனக்குப் பகீர்!

இது ஓர் அபூர்வ இதயத் துடிப்புக் கோளாறு. படுத்திருக்கும்போது இ.சி.ஜி. சமர்த்தாக இருக்கும். ஓட்டம், கோபம், அதிர்ச்சி என்று அட்ரினலின் ஏறினால்தான் வினை. பலருக்கு ஆர்.ஒய்.ஆர்.2 என்ற மரபணுவில் பிழை இருப்பது 2001-ல் தெரியவந்தது. அதனால் இதயத் தசை செல்லுக்குள் சேமித்த கால்சியம், பழுதான குழாய் மாதிரி நேரங்கெட்ட நேரத்தில் கசியும். கீழறைகள் தாறுமாறாகத் துடிக்கும். மயக்கம் வரும், உயிரே போகலாம். வலிப்பு என்று தப்பாக நினைப்பதும் உண்டு.

நம்ம லேப் கதைதான். லோடு இல்லாம ஓட்டினா பல மோட்டார்கள் நல்லாத்தான் ஓடும்! இதயத்துக்கு லோடு டெஸ்ட், டாக்டர் மேற்பார்வையில் நடக்கும் ட்ரெட்மில் டெஸ்ட். வேகம் ஏற ஏற, கிராஃபில் துடிப்புகள் மேலே, கீழே என மாறி மாறி வந்தால் குட்டு உடைந்துவிடும். பீட்டா பிளாக்கர் மாத்திரை இருக்கு. வீட்டில் மற்றவர்களையும் செக் பண்ணணும்.

'ஓடும்போதுதான் விழுந்தான்' - டாக்டருக்கு இந்த ஒரு வரி முக்கியம் பாஸ். அதைச் சொல்லத்தான் ரூம்மேட்டை நாளைக்கு இழுத்துட்டுப் போறேன்!