வெயில் இருக்கு, யூனிட் எங்கே?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மொட்டை மாடிகளிலும் சோலார் தகடுகள் ஏறி வருகின்றன. 2024-ல் மத்திய அரசு தொடங்கிய சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு ரூ.78 ஆயிரம் மானியம். மீதி? கைக்காசு, கடன்!

3 கிலோவாட் போட்டால், நல்ல வெயில் நாளில் சுமார் 12 யூனிட் வரவேண்டும். 6, 7-தான் வருகிறது என்றால் யாருக்கு வயிறு எரியாது?

"ஏமாத்திட்டாங்க" என்று கூச்சல் போடுமுன் காலை, மதியம், மாலை மூன்று வேளையும் மாடியேறிப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டி நிழலோ, தென்னை ஓலை நிழலோ ஒரே ஒரு தகட்டில் விழுந்தாலும், வரிசையின் மொத்த உற்பத்தியும் சரியும். தகடு தெற்குப் பார்த்து, லேசான சரிவில் இருக்கிறதா? புழுதியும் பஞ்சுத் தூசும் படிந்திருந்தால் வெயில் ஏறுமுன் தண்ணீர் விட்டுக் கழுவலாம்.

கரண்டு போனால் பேட்டரி இல்லாத சோலாரும் நிற்கும். அது பழுதல்ல, கம்பத்தில் வேலை செய்பவரின் உயிருக்குக் காவல். ஆனால், கரண்டு இருக்கும்போதே இன்வெர்ட்டர் அடிக்கடி நின்றால்? லைனில் வோல்டேஜ் கூடுதலா என்று சோதிக்கச் சொல்ல வேண்டும்.

இன்வெர்ட்டர் காட்டும் யூனிட்டைத் தினமும் நோட்டில் குறியுங்கள். அதுதான் சாட்சி! வயரிலோ, தகட்டிலோ கோளாறு என்றால் வீட்டுக்காரர் கை வைக்கக் கூடாது. மானியத் திட்டத்தில் 5 ஆண்டு பராமரிப்பு, போட்டுக் கொடுத்த கம்பெனியின் பொறுப்பு. புகாரை எழுத்தில் கொடுங்கள்.

சூரியன் நாள் தவறாமல் டூட்டிக்கு வருகிறான். பணம் வாங்கிய கம்பெனிக்காரர் வரவேண்டாமா?