வானுக்கு உள்ள அளவுகோல் தரைக்கும் வேண்டும்

பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய 'போலிக்ஸ்' கருவி, 2024 ஜனவரி 1 அன்று எக்ஸ்போசாட் செயற்கைக்கோளில் விண்ணேறியது. கருந்துளை, நியூட்ரான் விண்மீன் போன்றவற்றின் எக்ஸ் கதிர்களை அளப்பது அதன் வேலை.

அந்த வானத்தின் ஒரு துளியைத் தரையிலும் உருவாக்குகிறார்கள். மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் லேசர் துடிப்பு திடப்பொருளைத் தாக்கிப் பிளாஸ்மா ஆக்குகிறது. எக்ஸ் கதிர் பீறிடுகிறது. இத்தகைய கதிரை வாயுவில் பாய்ச்சினால் கருந்துளையைச் சுற்றியுள்ளது போன்ற சூழலை உருவாக்கி ஆராயலாம்.

ஆனால் எத்தனை ஃபோட்டான், எந்த ஆற்றலில், எவ்வளவு நேரம் என்று அளக்காவிட்டால் சோதனை முடிவை விண்மீனோடு ஒப்பிடவே முடியாது.

கருவிகளின் அளவுத்திருத்தத்தில் பெங்களூருக்கு நல்ல தேர்ச்சி உண்டு. அது லேசர்க் கூடங்களுக்கும் போய்ச்சேர ஒன்றிய அரசு நிதி ஒதுக்க வேண்டும்.