ஊசியோடு ஒரு சீட்டு

முழங்கை வலி என்று யார் வந்து உட்கார்ந்தாலும் என் கண் முதலில் போவது முட்டிக்குச் சற்று முன்னால் இருக்கும் தோலுக்குத்தான். அங்கே ஐம்பது காசு அகலத்துக்கு ஒரு வெளுத்த வட்டம் இருந்தால், விரல் வைத்தால் லேசாகக் குழி தட்டுப்பட்டால், ஸ்டீராய்டு ஊசி போட்டவர் என்று தெரிந்துவிடும். நம் ஊர்த் தோலில் அந்த வெளுப்பு மாதக்கணக்கில் மறையாது. "எத்தனை ஊசி? எப்போ? என்ன மருந்து?" என்று கேட்பேன். முதல் கேள்விக்கு "ரெண்டோ மூணோ இருக்கும் மேடம்" என்பார்கள். மற்ற இரண்டுக்கும் பதிலே வராது.

தரமணியில் பிசியோதெரபி கிளினிக் நடத்துகிறவள் நான். டைடல் பார்க் சிக்னல் தொடங்கி பெருங்குடி வரை காலி மனைகளில் எல்லாம் இப்போது வலை கட்டி டர்ஃப் போட்டுவிட்டார்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் விளக்கு வெளிச்சத்தில் ஐ.டி. பிள்ளைகள் ஃபுட்பால் ஆடுகிறார்கள். வார இறுதி என்றால் கம்பெனிகளுக்குள் கிரிக்கெட். இந்தப் பக்கத்துப் பையன்களுக்கு டென்னிஸ் பால் டோர்னமென்ட், கபடி. பகல் முழுக்க நாற்காலியில் மடங்கிக் கிடந்த உடம்பு, வார்ம்அப் கூட இல்லாமல் ராத்திரி திடீரென்று ஓடினால் எங்காவது பிடுங்கத்தான் செய்யும். அதில் புதுமை ஒன்றுமில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் வலி போயாக வேண்டும் என்று தேதி குறித்துக்கொண்டு வருகிறார்கள் பாருங்கள், அதுதான் புதுசு. "செமி ஃபைனல் மேடம், ஒரு ஊசி போட்டா நிக்கும்னு சொல்றாங்க, நீங்க என்ன சொல்றீங்க?"

ஊசியே கூடாது என்று சொல்கிற கட்சி இல்லை நான். 1948-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் முடக்குவாதத்தால் படுக்கையோடு கிடந்த ஒரு பெண்ணுக்கு முதன்முதலாகக் கார்ட்டிசோன் கொடுத்தார்கள். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். இரண்டே ஆண்டுகளில் அந்த ஆராய்ச்சிக்கு நோபல் பரிசு கிடைத்தது. தோள் இறுகிப்போய், ஜாக்கெட் கொக்கி மாட்டவும் தலை பின்னவும் முடியாமல் தவிக்கும் பெண்களை நானே எலும்பு மருத்துவரிடம் அனுப்பி ஊசி போட்டு வரச் சொல்கிறேன். விரல் மடங்கி மாட்டிக்கொள்ளும் 'ட்ரிக்கர் ஃபிங்கர்' தொல்லைக்கும் அது நல்ல மருந்து.

தசைநாண் விஷயம் வேறு. டென்னிஸ் எல்போ, குதிகால் நாண் வலி, முழங்கால் சில்லுக்குக் கீழே வரும் வலி எல்லாம் பெரும்பாலும் வெறும் வீக்கம் இல்லை. நார் நைந்துபோனதால் வருபவை. ஸ்டீராய்டு வீக்கத்தை அடக்கும், நைந்த நாரைப் பின்னித் தராது. சில நேரம் இன்னும் பலவீனமாக்கும். குதிகாலுக்கு மேலே இருக்கும் அந்தத் தடித்த நாணுக்குள் ஊசி போடாதே என்று மாணவர்களுக்குச் சொல்லித் தருவதே அது அறுந்துவிடும் என்ற பயத்தில்தான். உள்ளங்காலில் திரும்பத் திரும்பப் போட்டால் குதிகாலுக்கு மெத்தை மாதிரி இருக்கும் கொழுப்பும் கரைந்துபோகும். பெரும்பாலும் மரத்துப்போகும் மருந்தையும் கலந்தே போடுவதால், ஊசி போட்ட ஐந்தாவது நிமிடம் டாக்டர் அறையிலேயே கையைச் சுழற்றிப் பார்த்து "சூப்பர் சார்" என்று சொல்லிவிட்டு வருகிறார்கள். அன்று ராத்திரி மரப்பு விட்டதும் வலி சுர்ரென்று ஏறி, ஓரிரு நாளில் அடங்கும். பிறகு ஆறு வாரம் சொர்க்கம்.

அந்த ஆறு வாரத்தைப் பிரிஸ்பேனில் ஆராய்ச்சியாளர்கள் கணக்கெடுத்தே பார்த்துவிட்டார்கள். டென்னிஸ் எல்போ வந்த 198 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஊசி, ஒரு பிரிவுக்கு பிசியோதெரபி, இன்னொரு பிரிவை 'பொறுத்திருங்கள்' என்று விட்டுவிட்டார்கள். 2006-ல் முடிவு வந்தது. ஆறாவது வாரத்தில் ஊசிக்காரர்கள்தான் முதலிடம். அப்படித் தேறியவர்களில் 72 சதவீதம் பேருக்குப் பிறகு வலி திரும்பியது. ஆண்டு முடிவில் மூன்று பிரிவில் கடைசியில் நின்றதும் அவர்களே. பிசியோதெரபி எடுத்தவர்களும் சும்மா இருந்தவர்களும் அப்போது ஏறக்குறைய சமமாக இருந்தார்கள் என்பது என் தொழிலுக்கு ஆகாத செய்திதான். அதற்காக மறைக்க முடியுமா? 2013-ல் அதே ஊரிலிருந்து வந்த இன்னொரு ஆய்வில், ஓராண்டுக்குள் வலி திரும்பியவர்கள் ஸ்டீராய்டு போட்டவர்களில் 54 சதவீதம், வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களில் 12 சதவீதம்.

டென்னிஸ் எல்போ என்ற பெயர் நம் வீடுகளுக்குள் வந்ததே 2004-ல், டெண்டுல்கர் புண்ணியத்தில். அந்த அக்டோபரில் சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவுடன் நடந்த டெஸ்டில் அவர் ஆடவில்லை. கும்ப்ளே 13 விக்கெட் எடுத்தார், சேவாக் 155 அடித்தார், ஜெயிக்க இன்னும் 210 ரன் இருக்கும்போது கடைசி நாளை மழை தின்றுவிட்டது. 2005 மே மாதம் லண்டனில் அவருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. உலகத்தின் எந்த மருத்துவரிடமும் போகக்கூடியவருக்கே அந்த முழங்கை அத்தனை மாதம் எடுத்தது. நம் பையன் செமி ஃபைனலுக்குள் சரியாக வேண்டும் என்கிறான்.

அவனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மூன்று மாதம், வாரம் இரண்டு முறை வந்து, ஒரு கிலோ டம்பெல்லைப் பிடித்த மணிக்கட்டை மெதுவாக இறக்கிப் பழகு என்று நான் சொல்வது டெலிவரி வண்டி ஓட்டுகிறவனுக்கு எட்டாத வைத்தியம். ஓய்வுக்கு ஆகும் செலவு ஊசிக்கு ஆவதைவிட அதிகம். ரயில்வே, போலீஸ் என்று ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைக்கு செலக்‌ஷன் ட்ரையல் நடக்கும் நாளில் வலிக்கிறது என்று வீட்டில் படுத்தால் வேலையே போச்சு. அவன் ஊசி போட்டுக்கொண்டு ஓடுவதை நான் எந்த முகத்தோடு தடுப்பது? தெரிந்து போட்டுக்கொள் என்றுதான் சொல்ல முடியும். தெரிந்துகொள்ள, என்ன மருந்து, எங்கே, எப்போது போட்டார்கள் என்று எழுதிய காகிதம் அவன் கையில் வேண்டும்.

2022 ஜனவரி 1 முதல் இது வெறும் நல்லெண்ண விஷயமும் இல்லை. இந்த வகை ஸ்டீராய்டை உடம்பில் எந்த இடத்தில் ஊசியாகப் போட்டாலும் போட்டிக் காலத்தில் அது தடை என்று உலக ஊக்கமருந்து தடுப்பு முகமை விதி கொண்டுவந்துவிட்டது. கெனகார்ட் என்று நம் மருந்துக்கடைகளில் கிடைப்பது ட்ரையம்சினோலோன். அதை மூட்டுக்குள் போட்டால் போட்டிக்கு முன் 10 நாள் இடைவெளி வேண்டும், இடுப்புத் தசையில் போட்டால் 60 நாள். வேறு சில ஸ்டீராய்டுகளுக்கு மூட்டுக்குள் 3 நாள் போதும். மருந்தின் பெயரும் போட்ட இடமும் தெரியாத வீரர் எந்தக் கணக்கைப் போடுவார்? மாதிரியில் மாட்டிக்கொண்டால் மருத்துவ விலக்கு கேட்கவும் ஆவணம் வேண்டும். "டாக்டர் ஏதோ ஊசி போட்டார்" என்ற வாய்மொழி அங்கே செல்லாது.

சர்க்கரை இருப்பவர்களுக்கும் இதே கதி. மூட்டில் போட்ட ஊசி ரத்தத்திலும் கலந்து, சில நாள் சர்க்கரையைக் கன்னாபின்னாவென்று ஏற்றும். நாற்பது வயதில் ஷட்டில் ஆட ஆரம்பித்த மேனேஜர் ஒருவர், மாத்திரை வேலை செய்யவில்லை என்று பயந்துபோய் சர்க்கரை டாக்டரிடம் ஓடினார். முந்தைய வாரம் தோளில் ஊசி போட்டதை அவரும் சொல்லவில்லை, டாக்டரும் கேட்கவில்லை.

பச்சைக்குழந்தைக்குச் சொட்டு மருந்து கொடுத்தால்கூட அட்டையில் தேதி போட்டுத் தருகிற ஊர் இது. மூட்டில் போடும் ஸ்டீராய்டுக்கு மட்டும் ஏன் எதுவும் இல்லை? மருந்தின் பெயர், மில்லிகிராம், எந்த மூட்டு அல்லது தசை, தேதி, எத்தனை நாள் ஓய்வு: ஐந்து வரிக்கு மேல் வேண்டாம். எலும்பு மருத்துவர்கள் சங்கமும் மாநில விளையாட்டு ஆணையமும் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு மாதத்தில் முடிகிற காரியம். புற நோயாளிக் கூட்டத்தில் எழுத நேரமில்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் ஒருவர் மாட்டேன் என்றால் அடுத்த டாக்டரிடம் போய்ப் போட்டுக்கொள்கிற நோயாளிகளும் நம்மிடம் நிறைய உண்டு. முந்தைய இரண்டு ஊசிகளைப் பற்றித் தெரியாமல் மூன்றாவதைப் போடுகிற டாக்டருக்கும் அந்தச் சீட்டு ஒரு காவல்தான்.

அதுவரைக்கும் என்னிடம் வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லி அனுப்புகிறேன்: சிஸ்டர் குப்பியைக் குப்பையில் போடுவதற்குள் லேபிளை போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சில டாக்டர்கள் முகம் சுளிக்கிறார்களாம். இங்கே ஒருவர் மட்டும், படமெல்லாம் எதற்கு என்று எக்ஸ்ரே கவரின் மேலேயே மார்க்கரில் பெரிதாக எழுதித் தருகிறார்: மருந்து, அளவு, வலது முழங்கை, தேதி. கீழே இரண்டு கோடு போட்டு, "இரண்டு வாரம் பேட்டைத் தொடாதே."